ரொட்டி விற்காத தெரு

அந்த நாளில் எங்கள் ஊரில் ரொட்டி என்பது நோயாளியின் உணவு. காய்ச்சல் கண்டவருக்குப் பாலில் நனைத்த இரண்டு துண்டு. வயிறு கலங்கியவருக்குச் சர்க்கரை தொட்டு ஒரு துண்டு. நல்ல உடம்போடு இருப்பவன் கையில் ரொட்டிப் பொட்டலத்தைக் கண்டால், "ஏலே, மேலுக்கு முடியலையா?" என்று எதிரில் வருபவர் கேட்காமல் போகமாட்டார். ஆகவே சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக ரொட்டி விற்ற அந்த மனிதருக்கு, வைத்தியருக்குத் தெரியும் முன்பே ஊரின் உடல்நிலை தெரிந்துவிடும். தெரிந்ததை மறந்துவிட்டு அவர் அடுத்த தெருவுக்குப் போயிருக்கலாம். அவரால் அது முடியவில்லை. அதுதான் அவருடைய குணம். அதுவே அவருடைய நோயும்கூட என்று அவர் மனைவி சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

சிக்கலுக்குத் தெற்கே, உப்புக்காற்று ஓயாத கரையோரத்தில் எங்கள் ஊர். தனுஷ்கோடியைப் புயல் விழுங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. நான் சிவன் கோயிலில் பதிகம் ஓதும் பணியில் இருந்தேன். விடியற்காலை ஓதுதலை முடித்து நான் வீடு திரும்பும் நேரமும், அவர் முதல் நடை ரொட்டியோடு எங்கள் தெருமுனையைக் கடக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும். ஒல்லியான உடம்பு, கட்டம் போட்ட கைலி, வெள்ளைத் தொப்பி. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஒரு கால் தரையில், ஒரு கால் மிதியில். பேசும்போது விரல்கள் பிரேக்கை அழுத்தி அழுத்தி விடும். அவரோடு ஐந்து நிமிடம் பேசினால் நமக்கும் எங்கேயோ போகவேண்டியது போன்ற ஒரு பரபரப்பு வந்துவிடும்.

சௌக்கியமா என்று அவர் யாரையும் கேட்டதில்லை. ரொட்டி கேட்டு வாசலுக்கு வரும் பெண்ணிடம் அவருக்கு மூன்று கேள்விகள் இருந்தன.

"யாருக்குத் தாயி? எத்தனை நாளா? எந்தக் கெணத்துத் தண்ணி குடிக்கிறீக?"

"பாய், ரொட்டி வாங்க வந்தேனா, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேனா? ரொட்டியக் குடுங்க."

"ரொட்டி தாரேன். மொதல்ல எந்தக் கெணறுன்னு சொல்லு."

"அட, பெரிய பள்ளிவாசக் கெணறுதான். எழுதிக்கங்க."

அவர் உண்மையாகவே எழுதிக்கொள்வார். அந்தப் பெட்டி மூடியின் உட்புறத்துக்குக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தார். அதன்மேல் ஊரின் தெருக்கள் வெள்ளைக் கோடுகளாகவும், கிணறுகளும் அடிபம்புகளும் சிறு வட்டங்களாகவும் தீட்டப்பட்டிருந்தன. ரொட்டி விற்ற வீடு எந்தத் தெருவில் எவ்விடத்தில் இருக்கிறதோ அவ்விடத்தில் சாக்குக் கட்டியால் ஒரு புள்ளி வைப்பார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும் முன் புள்ளிகளை நாளோடு ஒரு நோட்டில் பெயர்த்துக்கொண்டு மூடியைத் துடைத்துவிடுவார்.

"என்ன பாய், கோலம் போடுறீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கோலத்துல புள்ளி வெச்சா அழகு, அய்யா. இதுல புள்ளி விழுந்தா ஒரு வீட்டுல யாரோ படுத்துருக்காகன்னு அர்த்தம்." பிரேக்கை இரண்டு முறை அழுத்தினார். "நான் வாரேன்."

ஒரு கோடையில் கீழத்தெருவின் அடிபம்பைச் சுற்றிப் புள்ளிகள் மொய்த்தன. எல்லாம் வயிற்றுப்போக்குக்கு வாங்கிய ரொட்டி. பம்பின் சிமெண்டு மேடை பிளந்து, சாக்கடை நீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைச் சைக்கிளிலிருந்து அவிழ்த்துத் தலையில் சுமந்துகொண்டு பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த எழுத்தர் மூடியைப் பார்த்துவிட்டு, "ரொட்டி யாவாரம் எப்பவே சுகாதாரத்துறைக்கு மாறுச்சு?" என்று சிரித்தாராம். அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரம் கீழத்தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அவர் பின்னால் போனார்கள். அவர்களில் ஒருத்தி எழுத்தரின் மேசைமேல் ஒரு டம்ளர் தேநீரை வைத்து, "நீங்க குடிச்சுக்கிட்டே பேசுங்கண்ணே. எங்க பம்புத் தண்ணியிலதான் போட்டேன்" என்றாள். எழுத்தர் தேநீரையும் தொடவில்லை, சிரிக்கவும் இல்லை. நான்காம் நாள் மேடையைப் பூச ஆள் வந்தது.

புள்ளிகள் குறைந்தபோது அவருடைய விற்பனையும் குறைந்தது. அதில் அவர் நிம்மதி அடைந்திருப்பார் என்று எண்ணினேன். இல்லை. கீழத்தெரு அடங்கிய அன்றே, மேலத்தெருவில் தனித்து விழுந்திருந்த ஒரு புள்ளியைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிட்டார்.

"உமக்கு மனசு ஒரு இடத்திலே நிற்காதா பாய்?"

அன்றைக்குத்தான் அவர் தம்மைப் பற்றி ஒரே ஒரு செய்தி சொன்னார்.

"யாவாரத்துக்கு வந்த புதுசு, அய்யா. ஒரு வாரம் நாலு நடை, அஞ்சு நடை ரொட்டி ஏத்துனேன். ஏத்த ஏத்தத் தீருது. அம்புட்டுச் சந்தோசம். வீட்டுல சொல்லிச் சிரிச்சேன். மறு வாரம் பாத்தா, நான் ரொட்டி குடுத்த வாசலாப் பாத்து மவுத்து. காலரா. எனக்குத் தெரிஞ்சுருக்கணுமே. கையில இருந்துச்சே." மிதியை வெறுமனே பின்னுக்குச் சுழற்றினார். "அந்த ஒரு வாரம் சந்தோசப்பட்டேன் பாருங்க, அதான் இன்னிக்கி வரைக்கும் என்னைய உக்கார விடல."

பின்னாளில், நல்ல உடம்புக்காரர்களும் தேநீரோடு ரொட்டி தின்னத் தொடங்கினார்கள். வளைகுடாவிலிருந்து வந்த பிள்ளைகள் வெண்ணெய் தடவிக் கேட்டார்கள். வியாபாரம் இரட்டித்தது. அவர் முகம் மட்டும் கடுகடுவென்று ஆயிற்று. "இப்ப நல்லா இருக்கவனும் திங்கிறான், அய்யா. எந்தப் புள்ளி நோவு, எந்தப் புள்ளி நாக்குருசின்னு ஒண்ணும் வெளங்கல" என்று அலுத்துக்கொண்டார். ஆனால் நான் சொல்லவந்தது அதற்கு முந்தைய காலத்தை. அவர் புள்ளிகளை ஊர் நம்பத் தொடங்கியிருந்த காலத்தை.

அந்த மூடியில் ஒரு கோட்டின்மேல் மட்டும் புள்ளியே விழுந்ததில்லை. அது எங்கள் மடத்துத் தெரு.

கடை ரொட்டியை நாங்கள் வாங்குவதில்லை. மாவைப் பொங்கவைக்கக் கள் ஊற்றிப் பிசைகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஆசாரமுள்ள வீட்டுக்குள் அது நுழையாது. இந்தக் காரணம் எங்கள் அனைவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், புள்ளி விழாத அந்தக் கோட்டை நாங்கள் அருளின் அடையாளமாகக் கொண்டாடினோம். ஏனென்றால் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் கோயிலின் திருமஞ்சனக் கிணறு இருந்தது. விடியுமுன் நீராடி மூன்று குடம் நீர் இறைத்து ஆண்டவனின் முழுக்குக்குக் கொண்டுசேர்ப்பது எங்கள் குடும்பத்தின் பரம்பரைக் கடமை. பிறகு நாள் முழுவதும் அந்தக் கிணற்றில் வாளி படாது. ஒரு மார்கழிச் சொற்பொழிவில் நானே சொன்னேன்: "அந்தத் தீர்த்தம் இருக்கும் தெருவைப் பிணி அண்டாது. சந்தேகமிருந்தால் ரொட்டிக்காரரின் பெட்டியைத் திறந்து பாருங்கள்." கூட்டம் மெய்சிலிர்த்தது. நானும் சிலிர்த்தேன்.

மறுநாள் காலை அவர் என்னை வழிமறித்தார்.

"அய்யா, நேத்து என் பெட்டியச் சாட்சிக்குக் கூப்புட்டீகளாமே."

"நல்லதாகத்தானே சொன்னேன்."

"புள்ளி நெறைஞ்ச எடம் எனக்குப் பயமில்ல. அங்க என்னன்னு தெரியும். ஒண்ணுமே இல்லாம கெடக்கு பாருங்க, அந்த எடம்தான் தூங்க விடமாட்டேங்குது." சொல்லிவிட்டு எங்கள் தெருவை ஒருமுறை நீளமாகப் பார்த்துவிட்டு மிதித்துப் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு என் மகள் தலைப்பிரசவத்துக்கு இராமேஸ்வரத்திலிருந்து வந்தாள். ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த பத்தாம் நாள் மாலை அவளுக்குக் குளிர் கண்டது. பல் கிட்டும் குளிர். பின்பு அனலாய்ச் சுரம். பின்பு வியர்த்து அடங்கியது. ஒரு நாள் விட்டு மறுநாள் அதே வேளைக்கு மீண்டும் வந்தது. என் மனைவி நிலவேம்புக் கஷாயமும் பொரிக்கஞ்சியும் கொடுத்தாள். எங்கள் தெருவில் காய்ச்சலுக்கு உணவு பொரிக்கஞ்சி. பொரியை ஊறவைத்துக் கரைத்து, சீரகம் தட்டிப் போட்டுத் தருவோம்.

"அந்த பாய் காதுல விழுந்துராமப் பாத்துக்கங்க," என்றாள் மனைவி. "கொசுன்னு சொல்லிக் கெணத்துல மருந்த ஊத்திருவாக. இல்லாட்டி மீன விட்டுருவாக. வடக்கூருல அப்படித்தான் பண்ணுனாகளாம்."

நான்காம் நாள் காலை, நெற்றியில் நீறு உலராமல், நாவில் பதிகத்தின் கடைசி அடி அடங்காமல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் வந்தார்.

"அய்யா, வீட்டுல யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையா?"

"ஆண்டவன் கிருபையில் எல்லோரும் நலம்."

"பின்னாடி வலைக்காரத் தெருவுல ரெண்டு வீட்டுல குளிர்க்காச்ச. ரெண்டு புள்ளியும் உங்க பின்சுவரப் பாத்து நிக்கிது. ஒருக்க அந்தக் கெணத்த எட்டிப் பாத்துக்கிறட்டுமா? நான் தொடல. மலேரியா ஆபீசு ஆள வரச்சொல்றேன்."

"அது திருமஞ்சன நீர், பாய். அதை ஆராய்வதற்கு யாருக்கும் அதிகாரமில்லை."

அவர் வற்புறுத்தவில்லை. பிரேக்கை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினார். "சரி, அய்யா" என்று போய்விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டார். ஒவ்வொரு நாளும் அதே விடையைச் சொன்னேன். ஓதிய வாயால் அதைச் சொன்னேன். மகள் மெலிந்துகொண்டே போனாள். வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்துவிட்டதாக மனைவி முந்தானைக்குள் அழுதாள். நானோ நீரைக் காப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் அதைக் கண்டுபிடித்த விதத்தைச் சந்தை முக்கில் பொரி வறுக்கும் பெண் எனக்குப் பிறகு சொன்னாள். கை ஓயாமல் அவள் வறுத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு இவர் நின்றிருக்கிறார்.

"ஆயுத பூசை முடிஞ்சு ரெண்டு வாரமாச்சு. யாருக்குத் தங்கச்சி இம்புட்டுப் பொரி?"

"மடத்துத் தெருக்காரகதாண்ணே. தெனமும் ஆளுவிட்டு வாங்குறாக."

"எதுக்கு?"

"கஞ்சிக்குத்தான். வேற எதுக்கு? அவுகதான் உங்க ரொட்டியத் திங்கமாட்டாகளே."

சைக்கிளைச் சுவரில் சாய்த்தாராம். பிறகு அவளருகில் குந்தி உட்கார்ந்து, எந்த வீடு, எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். அவர் உட்கார்ந்ததை அவள் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அன்று நண்பகல் எங்கள் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் ஓசை கேட்டது. அவர் பெட்டியை அவிழ்த்துத் தூக்கிவந்து என் முன்னால் மூடியைத் திறந்தார். எங்கள் தெருவின் கோட்டின்மேல் பதினொரு புள்ளிகள். வலைக்காரத் தெருவில் ஏழு. நடுவில் எங்கள் கிணற்றின் வட்டம்.

"ரொட்டிய வெச்சு எண்ணுனேன். அது என் தப்பு. உங்க தெருவுக்குப் பொரிய வெச்சு எண்ணியிருக்கணும்," என்றார். "உங்க வீட்டுல மூணு வாரமாப் பொரிக்கஞ்சி, அய்யா."

எனக்குச் சினம் பொங்கிற்று. அகப்பட்டுக்கொண்டவனின் சினம் அது. "எங்கள் அடுப்பில் என்ன வேகிறது என்று எண்ணுவதற்கு உமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

"யாரும் குடுக்கல. வேற யாரும் எண்ணல, அதான் நான் எண்ணுறேன்."

"புள்ளியைக் காட்டிக் கிணற்றுக்குக் குற்றம் சாட்டுகிறீரா?"

"புள்ளி வழிதான் காட்டும், அய்யா. கையப் புடிச்சு இவன்தான்னு சொல்லாது. அதுக்குத்தான் பாக்கணுங்கிறேன்."

அப்போது கதவின் பின்னாலிருந்து என் மகள் வந்தாள். கம்பளியைப் போர்த்தியிருந்தாள்; நிலையைப் பற்றிய கையில் வளைகாப்பு வளையல்கள் முழங்கைவரை நழுவிக் கிடந்தன.

"அய்யா, போதும்," என்றாள் என்னிடம். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்குத்தான் பாய். இருபத்தோரு நாளாச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் வருது. சாயந்தரம் நாலு மணிக்குக் குளிரும். குடிக்கிறது தெருக் கெணத்துத் தண்ணிதான்."

எங்கள் வாசலில் அவருக்குக் கேட்க வாய்க்காத அந்த மூன்று கேள்விகளுக்கும் அவள் விடை சொல்லிவிட்டாள்.

"குடிக்கிறதுல இல்ல தாயி இது. கொசுக்கடியில வாரது," என்றார் மெதுவாக. "நீ போய்ப் படு. இப்ப ஆளு வந்துரும்." சுகாதார நிலையம் நான்கு கல் தொலைவு. அந்த உச்சி வெயிலில் மிதித்துப் போய், மலேரியா ஊழியரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். ரொட்டிப் பெட்டி எங்கள் வாசலிலேயே கிடந்தது.

விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டு, மாத்திரைகளும் கொடுத்தார் ஊழியர். பிறகு கிணற்றில் வாளியை இறக்கி, மொண்ட நீரை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி என்னிடம் நீட்டினார். நூல் நுனி போன்ற புழுக்கள் தட்டெங்கும் நெளிந்தன. விடியுமுன் இருட்டில் இறைத்து, இருட்டிலேயே கருவறை வாசலில் இறக்கிவைத்த குடங்களை நினைத்தேன். என் வாழ்நாளில் அன்றுபோல் ஒருபோதும் ஆண்டவன் முன் நிற்கக் கூசியதில்லை.

மறுநாள் காலை ஓதி முடித்ததும் நான் எழுந்து போகவில்லை. முன்மண்டபத்தில் கூடியிருந்த தெருவாரிடம், "என் வீட்டில் இருபத்திரண்டு நாளாகக் காய்ச்சல். நான் மறைத்தேன்" என்றேன். பிறகு எதிர் வீட்டுக்காரர், "எங்க வீட்டுலயும் ரெண்டு பேரு" என்றார். அப்புறம் ஒவ்வொருவராக. அவர் வைத்த புள்ளிகள் பதினொன்று. வாய்விட்டுச் சொன்ன வீடுகள் பதினாறு. எல்லாக் கிணறுகளுக்கும் வலைமூடி போடவும் கொசுப்புழு தின்னும் மீன் விடவும் பஞ்சாயத்துக்கு மனு எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது.

"மீன் நீந்துற தண்ணியையா சாமிக்கு ஊத்துறது?" என்றார் ஒருவர்.

"மூன்று வாரம் புழு நீந்திய நீரை ஊற்றியிருக்கிறேன். மீனை ஆண்டவன் பொறுப்பான்" என்றேன்.

என் மகளின் சுரம் அந்த வாரமே இறங்கியது. மார்கழிக் கடைசியில் பெண் பிறந்தது. எடை குறைவு, ஆனால் குரல் தெருமுனைவரை கேட்டது.

எங்கள் பின்சுவருக்கு அப்பால், வலைக்காரத் தெருவில், அதே மாதக் கணக்கில் இன்னொரு பெண் இருந்தாள். அவளுக்கும் அந்தக் காய்ச்சல். அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. கார்த்திகையில் இறந்தே பிறந்தது.

செய்தி என் காதுக்கு வந்த மறுநாள் அவரை வழிமறித்தேன். இம்முறை கேட்டவன் நான்.

"பாய், அந்தப் பெண்ணுக்கு என்றைக்குக் காய்ச்சல் தொடங்கியது?"

எந்தத் தெருவில், எந்த வீட்டில், எந்தக் கிழமை என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். நோட்டு அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடற்கரைப் பக்கம் பார்த்தார். பிரேக்கின்மேல் இருந்த விரல்கள் அசையவில்லை.

"தெரியல, அய்யா," என்றார். "அந்தப் பக்கம் நான் சரியாக் குறிக்கல."

அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. அன்று மாலையே வலைக்காரத் தெருவுக்குப் போனேன். அந்த வீட்டு வாசலில் அவளுடைய மாமியார் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"தீவாளிக்குப் பதினோரு நாளைக்கு முந்தி, சாமி. செவ்வாக்கெழம. அன்னிக்கித்தான் மொதக் குளிரு," என்றாள். ஏன் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. உள்ளே பாயில் அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

நடந்துகொண்டே எண்ணினேன். எங்கள் வாசலில் அவர் முதன்முதலாகக் கேட்டு, எல்லோரும் நலம் என்று நான் சொன்ன காலையிலிருந்து அந்தச் செவ்வாய்க்கிழமை வரை பதின்மூன்று நாள். அன்றே கிணற்றைக் காட்டியிருந்தால் அந்தப் பதின்மூன்று நாளும் அதில் கொசு பிறந்திராது. அவளைக் கடித்த கொசு எந்தக் கிணற்றில் பிறந்தது என்பதை எவராலும் நிறுவ முடியாது. எனக்கும் அது தெரியும்.

மறுநாள் காலை அவர் வந்ததும் அந்த நாளைச் சொன்னேன். கிழமையையும் சொன்னேன். அவர் காதுகொடுத்துக் கேட்டார். நோட்டை வெளியே எடுக்கவில்லை. எழுதிக்கொள்ள அவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.